கோப்பி இலையும் பணத்தாளும்

(லுணுகலையில் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பழைய பணத்தாள். வெள்ளையர் ஆண்ட காலத்திலே இந்த நாட்டில் புழங்கிய நோட்டு. சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியவன், லயத்துக் கூரையைப் பற்றிப் பேச வேண்டியவன், செல்லாக் காசைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பொறுத்துக் கேளுங்கள். இதுவும் சம்பளத்தைப் பற்றிய பேச்சுத்தான் என்பதை முடிவிலே நீங்களே சொல்வீர்கள்.

பழைய நோட்டுச் சேர்ப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இலண்டன் ஏல மண்டபங்களிலே பழைய இலங்கை நோட்டுகள், அவற்றில் அச்சிட்ட தொகையைப்போலப் பன்மடங்கு விலைக்குப் போவது உண்மை. ஆனால் சட்டம் படித்தவன் கண்ணுக்கு நோட்டு என்பது ஓர் ஆவணம். கொடுப்பவர் யார்? பெறுபவர் யார்? தொகை எவ்வளவு? எப்போது தரப்படும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் அதிலே விடை உண்டு. வெளியிட்டவர் கொடுப்பார், கொண்டு வருபவர் பெறுவார், குறித்த தொகை கிடைக்கும், கேட்டவுடன் கிடைக்கும். உலகத்து வங்கி நோட்டுகளின் சாரமே இவ்வளவுதான்.

"கொண்டு வருபவர்" என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைக் கொண்டு வருபவரிடம் உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று எவரும் கேட்பதில்லை. எந்தக் கப்பலில் வந்தாய், எத்தனை ஆண்டு இருந்தாய் என்று கேட்பதில்லை. தாளைக் காட்டினால் போதும். தாளுக்கு அத்தனை மரியாதை! அந்த மரியாதையை உண்டாக்கிய மனிதனுக்கு எவ்வளவு மரியாதை கிடைத்தது என்பதே இன்றைய பேச்சு.

நாட்டுக்கு வந்த முதல் தாள்கள்

இலங்கையிலே முதன்முதல் தாட்பணம் வெளியிட்டவர்கள் ஒல்லாந்தர். 1785இல், அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பனி கொழும்பிலிருந்து கடன்சீட்டுகளைப் பணமாகப் புழங்க விட்டது. உலோகக் காசு போதாதபோது கையொப்பமிட்ட தாள் காசாயிற்று. இன்று உலகிலே மிக அரிதாகக் கிடைக்கும் இலங்கைத் தாள்களில் அவையும் அடங்கும்.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களும் முதலில் ஒல்லாந்தரின் றிக்ஸ்டொலர் கணக்கிலேயே நோட்டு வெளியிட்டார்கள். 1825இல் ஒரு றிக்ஸ்டொலருக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என்று வகுத்து, நாட்டைப் பவுண் கணக்கிற்கு மாற்றினார்கள். பின்னர் கோப்பிக் காலம் பிறந்தது. மலைகள் வெட்டப்பட்டன, காடுகள் எரிக்கப்பட்டன, தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கால்நடையாக வந்தார்கள். தோட்டம் போட முதல் வேண்டுமல்லவா? முதல் கொடுக்க வங்கிகள் வந்தன. அவற்றில் தலையாயது ஓரியண்டல் வங்கிக் கழகம். 1851இல் அரச பட்டயம் பெற்ற வங்கி அது. தோட்டத்தையும் வரப்போகும் விளைச்சலையும் நம்பிக் கடன் கொடுத்தது. தன் பெயரிலே நோட்டும் வெளியிட்டது. அந்நாளில் நோட்டு வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளின் கையில் இருந்தது.

தொழிலாளி கையிலே நோட்டா இருந்தது? இல்லை. அவனுக்கு வேண்டியது வெள்ளி ரூபாய். ஊருக்குக் கொண்டு போனால் ஊரிலும் செல்ல வேண்டும் அல்லவா? அவனுக்குக் கூலி கொடுக்க இந்திய வெள்ளி ரூபாய் வந்து குவிந்தது. கடைசியில் அரசாங்கமே அதற்குத் தலைவணங்கியது. 1869இல் இந்திய ரூபாய் இலங்கையின் சட்டபூர்வ நாணயமாயிற்று. 1872 ஜனவரி முதல் ரூபாயும் சதமுமே நாட்டின் கணக்கு. இன்று கொழும்பிலே கோடி கோடியாக எண்ணுகிறார்களே, அந்த ரூபாய் இந்நாட்டுக்குக் கணக்கானதில் தோட்டக் கூலிக்குப் பெரும் பங்கு உண்டு. இதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

மடுல்சீமையில் வாடிய இலை

அதே 1869ஆம் ஆண்டு. இங்கிருந்து பார்த்தால் தெரிகிற மலைப்பக்கந்தான், மடுல்சீமை. அங்கே ஒரு தோட்டத்தில் சில கோப்பிச் செடிகளின் இலைகளிலே செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. இலை உதிர்ந்தது. இலங்கையில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்ட இடம் நம் பக்கத்து மலை! பேராதனைத் தோட்டத்தின் துவெயிட்ஸ் என்ற அறிஞர் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்ற பூஞ்சண ஆராய்ச்சியாளர் அதற்கு எமிலியா வஸ்ராட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பேரழிவு செய்வது என்பது அந்தப் பெயரின் இரண்டாம் பாதிக்குப் பொருள். பெயருக்கேற்பவே செய்தது.

தொடக்கத்தில் துரைமார் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தாலும் வருவாய் குறையவில்லை. மேலும் கடன் வாங்கினார்கள். மேலும் காடு வெட்டினார்கள். 1870இல் ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதி செய்த நாடு, 1880களின் பிற்பகுதியில் இரண்டு இலட்சம் அந்தருக்கும் கீழே இறங்கியது. அடகு வைத்த தோட்டங்கள் வெறும் குச்சிக் காடாயின. குச்சிக் காட்டை நம்பிக் கடன் கொடுத்த வங்கி என்னவாகும்?

1884 மே 3ஆம் நாள் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. மக்கள் கையில் இருந்த அதன் நோட்டுகள் ஒரே நாளில் வெறுங் காகிதமாகும் நிலை. கொழும்பிலும் கண்டியிலும் பீதி பரவியது. அப்போது தேசாதிபதியாக இருந்தவர் சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன். வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அவர் உத்தரவாதம் கொடுத்தார். பீதி அடங்கியது. இரண்டாண்டு கழித்து, 1886இல், ஊவாவைத் தனி மாகாணமாக்கியவரும் இவரே. வங்கி மூடிய ஆண்டிலேயே, 1884ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கத் தாள் நாணயக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தனியார் வங்கிகள் நோட்டு வெளியிடும் காலம் முடிந்தது. 1885 முதல் இலங்கை அரசாங்கத்தின் பெயரிலேயே நோட்டு வெளிவந்தது. வெளியிட்ட தாளுக்கு ஈடாக ஒரு பகுதி வெள்ளி நாணயமாகவும் மறுபகுதி கடன்பத்திரங்களாகவும் வைக்கப்பட்டன. அந்தத் தாளில் சிங்களத்திலும் தமிழிலும் தொகையை எழுதினார்கள்.

ஆகவே, தோழர்களே, இலங்கை அரசாங்கத்தின் முதல் ரூபாய் நோட்டுக்கு ஊற்றுக்கண் எது? மடுல்சீமை மலையிலே வாடிய ஒரு கோப்பி இலை! இதைச் சேகரிப்போர் பட்டியல்கள் சொல்வதில்லை. ஆண்டு, கையொப்பம், தொடரிலக்கம், அச்சகத்தின் பெயர் ஆகியவற்றைச் சொல்லும். நாம்தான் நம் மலையின் பெயரை அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்டவுடன் யாருக்கு?

நோட்டு வைத்திருந்தவருக்கு ஓர் உத்தரவாதம் கிடைத்தது. கூலிப் பாக்கி வைத்திருந்தவனுக்கு என்ன கிடைத்தது? நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கோப்பி விழுந்த காலத்திலேயே, கூலிப் பாக்கிக்குத் தோட்டத்தின்மீது முதற் பொறுப்பு உண்டு என்று சட்டம் செய்தார்கள். நல்ல சட்டந்தான். ஆனால் முதற் பொறுப்பை நிலைநாட்ட வழக்காட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவன், கங்காணியிடம் கடன்பட்டவன், யாரிடம் போய் வழக்காடுவான்?

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூலியை மாதந்தோறும் கணக்கிடச் சொன்னது. மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தால் போதும் என்றும் சொன்னது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டுக்குக் "கேட்டவுடன்". கூலிக்கு "60 நாள்". வாக்குறுதி இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கீழ்தான்!

இன்னொரு கணக்கும் கேளுங்கள். 1917 வரை அரசாங்க நோட்டுகளில் மிகச் சிறியது 5 ரூபாய். முதல் உலகப் போரிலே வெள்ளி தட்டுப்பட்டபோதுதான் 1 ரூபாய், 2 ரூபாய்த் தாள்கள் வந்தன. 1927இல் செய்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்சம்பளம் நிருணயித்தார்கள். அப்படியானால் ஒரு 5 ரூபாய் நோட்டு, ஆணுக்கு ஒன்பது நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. பெண்ணுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு நாள். அக்காலத்தில் 1000 ரூபாய் நோட்டும் இருந்தது. கொழுந்து பறிக்கும் ஒரு தாய் மாதம் 26 நாள் தவறாமல் வேலை செய்து, ஒரு சதமும் செலவு செய்யாமல் சேர்த்தால், அந்த ஒரே ஒரு தாளைக் கையில் வாங்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். ஏழாண்டு உழைப்பின் பெயரைக் கொண்ட தாள் ஒரு நாள் உழைப்பின் பெயராயிற்று. நாம் பணக்காரர் ஆகிவிட்டோமா? மறு ஆண்டே, 2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச்சுட்டியின்படி விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்தது. 1000 என்ற எண் மாறவில்லை. அது வாங்கிய அரிசியும் மாவும் சுருங்கின. பழைய நோட்டைப் படிக்கத் தெரிந்தவன் சம்பளப் பேச்சிலே எண்ணைக் கேட்டு ஏமாற மாட்டான். "இந்த எண் எவ்வளவு அரிசி?" என்றுதான் கேட்பான்.

இன்னொரு தாள்

சேகரிப்போர் அதிகம் தேடாத ஒரு தாளும் உண்டு. அதன் பெயர் துண்டு. உங்கள் பாட்டன்மார் அறிந்த பெயர். தொழிலாளி கங்காணியிடம் முன்பணம் வாங்கியே தோட்டத்துக்கு வருவான். அந்தக் கடன் அவன் பேரில் ஏறிக்கொண்டே இருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இவ்வளவு தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன்" என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். கட்டிய தொகை மறுபடியும் தொழிலாளியின் கடனாக ஏறும்.

பணத்தாள், கொண்டு வருபவருக்குப் பணம் தருவதாகச் சொன்னது. துண்டு, பணம் கொண்டு வருபவருக்கு மனிதரைத் தருவதாகச் சொன்னது. இரண்டும் கையொப்பமிட்ட தாள். இரண்டும் கை மாறின. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்திலே, தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த சிறு தகரத் தகட்டைக் கட்டி அனுப்பிய காலமும் உண்டு. நோட்டுக்குத் தொடரிலக்கம் இட்டவர்கள் மனிதருக்கும் தொடரிலக்கம் இட்டார்கள்.

அரிய நோட்டுக்கு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி உண்டு. கொழும்புக் கோட்டையிலே மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குப் போய்ப் பாருங்கள், வரிசையாக வைத்திருக்கிறார்கள். மகிழத்தக்க செயல். துண்டுக்கும் தகரத் தகட்டுக்கும் அந்த வரிசையிலே பக்கத்து இடம் வேண்டும். அப்போதுதான் வரலாறு முழுமையாகும்.

போர்க்காலத் தாள்

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. உலோகம் போருக்குப் போயிற்று, சில்லறை தட்டுப்பட்டது. அவ்வாண்டு 5, 10, 25, 50 சதங்களுக்குத் தாள் அச்சிட்டார்கள். 5 சதத் தாள் விந்தையானது. தபால் முத்திரை போல 2 சதமும் 3 சதமும் ஒட்டியிருக்கும், நடுவில் துளையிட்டிருக்கும். வேண்டும்போது கிழித்துத் தனித்தனியாகச் செலவு செய்யலாம். தேசாதிபதி கைக்கும் தொழிலாளி கைக்கும் பொதுவான தாள் ஒன்று இருந்தது என்றால் அது இந்தச் சதத் தாளாகத்தான் இருக்கும்.

எந்தத் தாள் அரியது என்பதற்கும் இங்கே ஒரு விளக்கம் உண்டு. பெருந்தொகை நோட்டுகள் திறைசேரிக்குத் திரும்பி அழிக்கப்பட்டன. சிறுதொகை நோட்டுகள் உழைப்பவர் கையிலே வியர்வை பட்டு, மடிப்பிலே கிழிந்து மடிந்தன. கசங்காத சிறு நோட்டு அரிதாக இருப்பதன் காரணம் இதுவே. ஏழையிடம் நோட்டு தங்குவதில்லை அல்லவா?

சான்று கேட்ட நாள்

1948இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை வெளியே நிறுத்தியது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், விரும்பினால் விண்ணப்பிக்கலாம் என்றது. எப்படி? 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் கொண்டு? தாளைக் கொண்டு! எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போயிற்று. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மீதிப் பேரைத் தலை எண்ணிப் பிரித்தது. எஞ்சியிருந்தோருக்கு உரிமை கொடுக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நோட்டைக் கொண்டு வருபவரிடம் பிறப்பைக் கேட்காத நாடு, அந்த நோட்டுக்கு மதிப்பைக் கொண்டு வந்தவரிடம் பிறப்பைக் கேட்டது. 1884இல் காகிதத்துக்கு உத்தரவாதம் கொடுக்க நாள் அதிகம் தேவைப்படவில்லை. மனிதருக்கு உத்தரவாதம் கொடுக்க 1948 முதல் 2003 வரை, 55 ஆண்டுகள் தேவைப்பட்டன. பழைய நோட்டு என் கண்ணுக்கு இதையே சொல்கிறது. இதற்காகவே அதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறேன்.

நாம் செய்ய வேண்டியது

லயத்து வீடுகளில், பாட்டியின் தகரப் பெட்டியில், சாமிப் படத்துக்குப் பின்னால், இன்னும் சில தாள்கள் இருக்கின்றன. பழம்பொருள் வாங்க வருவோர் கேட்கிறார்கள். நெருப்பு வந்தால் லயம் எரிகிறது. மழை வந்தால் மண் சரிகிறது. ஆகையால் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது: பழையது எல்லாம் அரியது அன்று. 1951இல் மத்திய வங்கி வெளியிட்ட 1 ரூபாய்த் தாள்கள் ஏராளமாக அச்சிடப்பட்டவை. இலட்சம் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். அதுபோலவே, 1885ஐ ஒட்டிய தாளோ ஓரியண்டல் வங்கித் தாளோ கையில் இருந்தால், வாசலில் கேட்ட முதல் விலைக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம். அறிந்தவர் இருவரிடமாவது காட்டுங்கள்.

இரண்டாவது: தாளைக் கழுவாதீர்கள். இஸ்திரி போடாதீர்கள். பசையோ ஒட்டுநாடாவோ தொடக்கூடாது. சூடாக்கி நெகிழி உறையில் ஒட்ட வைக்கவும் வேண்டாம். ஈரமும் வெயிலும் படாமல் தட்டையாக வைத்தால் போதும். ஆண்டு, தொகை, தொடரிலக்கம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரியை எந்த ஏலக்காரனும் எழுத முடியாது.

மூன்றாவது: நோட்டை மட்டும் காக்காதீர்கள். துண்டு, கடன் சீட்டு, சம்பளச் சீட்டு, செக்ரோல் நகல், பிரசாவுரிமை விண்ணப்பம், மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் காத்து வையுங்கள். மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு படம் எடுத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். கம்பளைக்கு அருகே தேயிலைத் தொழிலாளருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயும் ஒரு பிரதி போகட்டும். ஹொப்டனிலும் அடாவத்தையிலும் மடுல்சீமையிலும் இருக்கும் மாணவர்கள் ஆளுக்கு ஒரு லயத்தை எடுத்துக்கொண்டால், ஒரு விடுமுறைக் காலத்துக்குள் இந்தப் பகுதியின் வரலாறு ஒரு குறிப்பேட்டில் வந்து சேரும். ஆசிரியப் பெருமக்கள் முன்னின்று இதை நடத்த வேண்டுகிறேன்.

காணிக்கும் வீட்டுக்கும் நாம் வழக்காடுகிறோம். நாளை ஒரு மன்றத்திலோ ஆணைக்குழுவிலோ "எத்தனை தலைமுறை?" என்று மறுபடியும் கேட்பார்கள். அன்றைக்கு நினைவு மட்டும் சாட்சியாகாது. நீதிமன்றம் தாளைத்தான் கேட்கும். அந்தத் தாள் வியாபாரியின் பையில் போயிருக்கக் கூடாது.

தோழர்களே! நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. அதைக் காப்பாற்றியது வெள்ளிக் குவியலா, தேசாதிபதியின் கையொப்பமா? கோப்பி செத்த மலையிலே தேயிலையை நட்டு, நாட்டுக்கு வருவாயைத் திரும்பக் கொண்டு வந்த கைகளே அதைக் காப்பாற்றின. அந்தக் கைகளுக்குத் தர வேண்டியதையும் "கேட்டவுடன்" தருக என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம், சான்றோடு கேட்போம்!